பொத்துவில் முதல் மூதூர் வரை: கிழக்கிலங்கைக் கரையோரக் குடிகளின் அழிவும் மீட்சியும் – ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

கடல்கோள் என்னுஞ் சொல் தமிழிலக்கிய மாணவர்க்குப் புதியதன்று. சங்கங்கள் பற்றிய மரபினை எடுத்துரைக்கும் இறையனாரகப்பொருளுரை, பாண்டிநாட்டைக் கடல்கொண்ட செய்தியை நமக்குத் தருகின்றது. பாளிமொழி வரலாற்று நூலாகிய மகாவம்சம், களனியை ஆண்ட தீசன் என்னும் மன்னன் பிக்கு ஒருவரைக் கொன்றமையாற் கடல் சினந்து நாட்டுட் புகுந்ததென்றும், அச்சினத்தைத் தணித்தற்பொருட்டு அவன் மகள் கலமொன்றில் ஏற்றிக் கடலில் விடப்பட்டாளென்றும் கூறும். அவள் கரைசேர்ந்த இடம் பொத்துவிற் கரையே எனக் கொள்ளும் வாய்மொழி மரபொன்றும் உண்டு.

இவ்விரு மரபுகளின் வரலாற்று உண்மை யாதாயினும், அவற்றிடையே பொதுவான பண்பொன்று காணப்படுகின்றது. கடல் கொண்டது மன்னனது நாடு. துயருற்றது அரச குலம். மீட்சி பெற்றதும் அரச குலமே. கரையில் வலை இழுத்தோர், தென்னை வைத்தோர், தறி நெய்தோர் ஆகியோர் என்னாயினர் என்பதை இம்மரபுகள் கூறுவதில்லை. அழிவினை நிகழ்ச்சியாகவும் மீட்சியை ஆள்வோரின் செயலாகவும் காணும் இந்நோக்கு, அண்மைக்கால அறிக்கைகளிலும் வேறொரு வடிவில் தொடர்கின்றது. இறந்தோர் தொகை, இடிந்த வீடுகளின் தொகை, கட்டிய வீடுகளின் தொகை ஆகியன பட்டியலிடப்படுகின்றன. அவ்வீடுகள் யாருக்கு உரியன, அவ்வீட்டார் எங்குத் தொழில் செய்வர், எத்தெய்வத்தை எங்கு வழிபடுவர் என்பன பட்டியலில் இடம்பெறுவதில்லை.

கிழக்கிலங்கையின் கரையோரப் பெருந்தெருவைத் தெற்கிலிருந்து வடக்காகத் தொடர்ந்து சென்று, அதன் இருமருங்கும் வாழும் குடிகள் 1978 ஆம் ஆண்டுச் சூறாவளியையும் 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையையும் எதிர்கொண்ட முறையினையும், அவற்றினின்று மீண்ட முறையினையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்டப்பட்ட வீடுகளின் தொகையை மாத்திரம் கொண்டு மீட்சியை அளத்தல் பொருந்தாது என்பதும், அக்கரையோரச் சமுதாயம் தனக்கென நெடுங்காலம் பேணிவந்த உரிமை முறைகள் மதிக்கப்பட்டனவா என்பதே உரிய அளவுகோல் என்பதும் ஈண்டு நிறுவப்படும்.

2. பெருந்தெருவும் நிலமும்

பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு வரையுள்ள பகுதி, கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாக வரும் ஏ4 பெருந்தெருவின் இறுதிக் கூறாகும். மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா ஆகிய ஊர்களினூடாகத் திருகோணமலைக்குச் செல்வது ஏ15 பெருந்தெரு. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 240 கிலோமீற்றர் நீளமுடையன.

இத்தெரு செல்லும் நிலத்தின் அமைப்பினை அறியாது அதன் அழிவுகளை அறிதல் இயலாது. கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையே மணற்றிடரான ஒடுங்கிய நிலப்பட்டி. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. பாலமீன்மட்டிலும் கல்லாற்றிலும் அமைந்த முகத்துவாரங்கள் வழியாக அது கடலோடு தொடர்புறுகின்றது. கோடையில் மணல் திரண்டு முகத்துவாரம் அடைபடுவதும், மாரியில் வெள்ளம் பெருக அது உடைத்துக்கொள்வதும் அல்லது மக்களால் வெட்டிவிடப்படுவதும் ஆண்டுதோறும் நிகழ்வன. வாவிக்குக் கிழக்கே கடலையொட்டிய பகுதியை எழுவான்கரை என்றும், மேற்கே வயல்கள் பரந்த பகுதியைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். மீனும் தேங்காயும் எழுவான்கரையிலிருந்தும், நெல்லும் பாலும் படுவான்கரையிலிருந்தும் வாவியைக் கடந்து மாறிய பொருளாதாரமே இப்பகுதியின் பழைய பொருளாதாரம்.

குடிப்பரம்பலிலும் இத்தெரு தனித்தன்மை வாய்ந்தது. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றன்பின் ஒன்றாய் மாறிமாறி வருவதை இங்குக் காணலாம். திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என நீளும் வரிசையில், ஓர் ஊரின் எல்லை மற்றோர் ஊரின் வேலியாக அமைந்துள்ளது. அலைக்கு இவ்வெல்லைகள் தெரியவில்லை. ஆயின் அலைக்குப் பின்வந்த நிவாரணத்தின் பங்கீட்டில் இவ்வெல்லைகள் முன்னிலும் ஆழமாயின என்பது பின்னர்க் காட்டப்படும்.

3. 1978: தென்னையை இழந்த நிலம்

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வங்காள விரிகுடாவிற் பிறக்கும் சூறாவளிகள் இக்கரைக்குப் பழக்கமானவை. 1957 திசெம்பரிற் பெருவெள்ளம் வந்தது. 1964 திசெம்பரில் இலங்கையின் வடபகுதியைக் கடந்த சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. எனினும் கிழக்கிலங்கையில் 'சூறாவளி' என வேறு அடையின்றிச் சொன்னால் அது 1978 நவம்பர் 23 ஆம் நாள் இரவினையே குறிக்கும். பிறப்பு, திருமணம் முதலியவற்றின் காலத்தை அதற்கு முன், அதற்குப் பின் எனக் கணிக்கும் வழக்கம் முதியோரிடையே இன்றும் உண்டு.

அவ்விரவில் மட்டக்களப்பைத் தாக்கிய புயல் பொலன்னறுவை வழியாக நாட்டை ஊடறுத்துச் சென்றது. ஏறத்தாழ 900 பேர் உயிரிழந்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். இரண்டரை இலட்சம் வரையான வீடுகள் சேதமுற்றன. மட்டக்களப்பின் மீன்பிடிக் கலங்களுள் ஐந்தில் ஒரு பங்கும், நெற்களஞ்சியங்கள் பதினொன்றனுள் ஒன்பதும் அழிந்தன. இவற்றினும் நெடுங்கால விளைவுடையது தென்னையின் அழிவாகும். மாவட்டத்திலிருந்த 28,000 ஏக்கர் தென்னந்தோட்டங்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு ஓரிரவில் வீழ்ந்தது.

வீடு இடிந்தால் ஓராண்டில் எழுப்பலாம். வள்ளம் உடைந்தாற் பணங்கொடுத்து வாங்கலாம். தென்னை வைத்துக் காய் காண ஆறேழு ஆண்டுகள் வேண்டும். அதனினும் முக்கியமானது, தென்னை ஒரு வருவாய் மட்டுமன்று என்பதாகும். கூரைக்குக் கிடுகும், வேலிக்கு மட்டையும், வலைக்குக் கயிறும், அடுப்புக்கு விறகும், கறிக்குப் பாலும் ஒரே மரத்திலிருந்து பெறப்பட்டன. கிடுகு பின்னுதலும் தும்பு திரித்தலும் பெண்களின் கைத்தொழில்கள். எனவே தென்னை வீழ்ந்தபோது தோட்ட உடைமையாளன் இழந்தது விளைச்சலை. தோட்டமில்லாத ஏழைப் பெண் இழந்தது கூரையையும் கூலியையும் ஒருங்கே. இழப்பீட்டுக் கணக்குகள் முன்னதையே எளிதில் அளந்தன. பின்னதற்கு உறுதியும் இல்லை, பதிவும் இல்லை. ஓலைக்கூரை அருகி ஓடும் தகடும் பெருகிய மாற்றத்தைச் செழிப்பின் அறிகுறியாக மட்டும் கொள்ளாது, இவ்விழப்பின் விளைவாகவும் கொள்ளுதல் தகும்.

ஆயினும் 1978 ஆம் ஆண்டின் மீட்சியில் ஒரு சிறப்பும் இருந்தது. மக்கள் தத்தம் வளவிலேயே மீண்டும் குடியமர்ந்தனர். வீடு வீழ்ந்த இடத்திலேயே வீடு எழுந்தது. மரம் வீழ்ந்த குழியிலேயே கன்று நடப்பட்டது. காற்று நிலத்தை எடுத்துச்செல்லவில்லை. அரசும் அந்நிலத்தில் வாழ்தல் கூடாது எனத் தடைசெய்யவில்லை. 2004 ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதனின்றும் அடிப்படையில் வேறானது.

4. 2004: பொத்துவிலிலிருந்து ஒலுவில் வரை

2004 திசெம்பர் 26 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாளுங்கூட. இலங்கை நேரப்படி காலை ஏழு மணியளவிற் சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியில் நிலம் நடுங்கிற்று. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துள் அலை இக்கரையை அடைந்தது. அவ்விரண்டு மணி நேரத்தில் இக்கரையோரத்தில் எவர்க்கும் எவ்வித எச்சரிக்கையும் கிட்டவில்லை. இந்து சமுத்திரத்திற்கென எச்சரிக்கை அமைப்பொன்று அக்காலத்தில் இருக்கவில்லை. நாட்டில் இறந்தோரும் காணாமற் போனோரும் 35,000 பேருக்கு மேற்பட்டனர். அவருள் 10,000 பேருக்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தினர். மாவட்டங்கள் யாவற்றுள்ளும் அதிக உயிரிழப்பு அங்கேயே ஏற்பட்டது.

பொத்துவிலுக்குத் தெற்கே அறுகம்குடாப் பாலம் சிதைந்தது; அதற்கு அப்பாலுள்ள ஊர்கள் துண்டிக்கப்பட்டன. வடக்கே கோமாரி, திருக்கோவில், தம்பிலுவில் ஆகிய ஊர்களின் கரையோர வளவுகள் கழுவுண்டன. அறுகம்குடா, ஒலுவில், பெரியகல்லாறு ஆகிய மூவிடத்துப் பாலங்களும் பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் உதவியுடன் புதிதாக அமைக்கப்பட்டன. பாலம் கட்டுதல் மீட்சியின் எளிய பகுதி. அதன் உடைமை பற்றி எவரும் பிணங்குவதில்லை.

திருக்கோவிற் சித்திரவேலாயுதசுவாமி கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் கடலிலேயே நிகழ்வது. முன்னோர் கடன் தீர்க்கும் அக்கடலே உற்றாரைக் கொண்டுபோன பின்னரும், மக்கள் ஆண்டுதோறும் அக்கரையிலேயே கூடுகின்றனர். கடலை விலக்கி வாழ்தல் வேண்டுமென்ற வெளியார் அறிவுரை இம்மக்களிடையே ஏன் எளிதில் எடுபடவில்லை என்பதற்கு இதுவும் ஒரு விளக்கமாகும்.

அழிவு இயற்கையால் மட்டும் வருவதன்று என்பதற்கு ஒலுவில் சான்று பகரும். 2013 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட ஒலுவிற் துறைமுகத்தின் அலைதடுப்பணைகள் கரையோர மணலின் இயல்பான ஓட்டத்தைத் தடுத்தன. அதன் வடக்கே கரை அரிப்புண்டு தென்னந்தோப்புகளும் தோணி இழுத்து வைக்கும் மணற்பரப்பும் கடலுட் சென்றன. நிந்தவூர் வரை அதன் தாக்கம் உணரப்பட்டது. துறைமுகத்தின் வாயிலையோ மணல் அடைத்தது. ஆழிப்பேரலை சில மணி நேரத்திற் செய்ததைப் பொறியியற் பிழை பல ஆண்டுகளாகச் செய்தது. முன்னதற்கு உலகம் உதவிக்கு ஓடிவந்தது; பின்னதற்கு மீனவர் மறியல் செய்தும் மனுக் கொடுத்தும் காத்திருக்க நேர்ந்தது.

5. கரையிலிருந்து விலக்கப்படுதல்

2005 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசு கரையோரத் தடைவலயம் ஒன்றினை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடுகளை மீளக் கட்டுதல் ஆகாது என்பதே அதன் சாரம். வலயத்துக்கு வெளியே வீடிழந்தோர் தம் காணியிலேயே கட்டிக்கொள்ள 250,000 ரூபா வரை நிதியுதவி பெற்றனர். வலயத்துள் வாழ்ந்தோர்க்கு அவ்வுதவி இல்லை. கொடையாளர் வேறிடத்திற் கட்டித்தரும் வீட்டுக்காக அவர்கள் காத்திருத்தல் வேண்டும்.

கிழக்கின் நில அமைப்பை மேலே கண்டோம். கடலுக்கும் வாவிக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பட்டியில், 200 மீற்றர் என்பது பல ஊர்களின் பெரும்பகுதியாகும். நாட்டிலேயே மக்கள் மிக நெருங்கி வாழும் கரைகளுள் ஒன்றான கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பகுதியில் மாற்றுக் காணி எங்குளது? வயலை மண்ணிட்டு நிரப்பியே குடியிருப்புக்கள் அமைக்கப்பட்டன. வெள்ளம் வடியும் வழியை அடைத்துக் கட்டிய வீடுகள் மாரிக்கு அஞ்சி வாழ வேண்டியனவாயின. மருதமுனை நெசவாளருக்கோ, இடிந்த வீட்டோடு தறி நின்ற இடமும் போயிற்று. ஓரிரு அறைகளோடு அளந்து கட்டிய புதுவீட்டிற் கைத்தறிக்கு இடமொதுக்க எவரும் எண்ணவில்லை.

தடைவலயம் 2005 ஆம் ஆண்டின் இறுதியில் தளர்த்தப்பட்டது. ஆயின் அதற்குள் ஓராண்டு கழிந்துவிட்டது. பல குடும்பங்கள் விலகிச் செல்வதற்கு ஒப்பமிட்டுவிட்டன.

காணிப் பிணக்கு இன உறவைப் பாதித்த முறைக்கு அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலை வீட்டுத்திட்டம் தக்க எடுத்துக்காட்டாகும். சவூதி அரேபியாவின் நிதியுதவியுடன் அங்கு 500 வீடுகள் கட்டப்பட்டன. அவை முஸ்லிம்களுக்கே வழங்கப்படுவது தகாதென வழக்குத் தொடரப்பட்டது. இனவிகிதாசாரம் பேணப்படல் வேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைவு, பாதிக்கப்பட்ட எவரும் குடியேறாமல் அவ்வீடுகள் பல ஆண்டுகளாகக் காடு மண்டிக் கிடந்தன. நீதி, விகிதாசாரம், உரிமை ஆகிய சொற்கள் யாவும் ஆளப்பட்ட ஒரு விவகாரத்தில், கூடாரத்தில் இருந்தவன் கூடாரத்திலேயே இருந்தான்.

நிவாரணத்தை அரசும் விடுதலைப் புலிகளும் கூட்டாக நிருவகிப்பதற்கான உடன்பாடு 2005 யூன் 24 ஆம் நாள் ஒப்பமிடப்பட்டது. அடுத்த மாதமே அதன் முக்கிய கூறுகளை உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. அதற்கு முன்னரே, மிகுந்த உயிரிழப்புக்கு ஆளான தமது சமூகம் ஒப்பமிடும் தரப்பாகக் கொள்ளப்படவில்லை என முஸ்லிம் தலைவர்கள் எதிர்த்திருந்தனர். ஓர் ஊரின் எல்லையே மற்றோர் ஊரின் வேலியாயமைந்த இக்கரையில், மூன்று சமூகங்களும் ஒருங்கமர்ந்து தீர்மானிக்கக்கூடிய ஊர்மட்ட அமைப்பு ஒன்றேனும் உருவாகாமை பெருங்குறையேயாம்.

6. தாய்வழி வீடு

மட்டக்களப்புத் தேசத்தின் சமுதாய அமைப்பில் தாய்வழிக் குடிமுறை தலையாய இடம் பெறுவது. ஒருவனது குடி தாயின் குடியே. 'வயிற்றுவார்' என இதனை வழங்குவர். தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்தாரிடையும் இம்முறை காணப்படுதல் இக்கரையின் தனிப்பண்பாகும். கோயில் வண்ணக்கர், பள்ளிவாசல் மரைக்காயர் ஆகிய பொறுப்புக்களும் குடிவழியாகவே அமைந்து வந்தன. கிறிஸ்தோபர் பிறிற்றோ 1876 இல் முக்குவர் சட்டம் பற்றி வெளியிட்ட நூல், தாய்வழியே முதுசொம் இறங்கும் மரபினைப் பதிவுசெய்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் அச்சட்டம் வழக்கொழிந்தது. ஆயினும் வழக்காறு ஒழியவில்லை. அது சீதனத்தின் வடிவிற் தொடர்ந்தது.

இவ்வழக்காற்றின்படி வீடும் வளவும் மகளுக்கே உரியன. மூத்த மகளின் திருமணத்தின்போது பெற்றோர் தம் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மகளுக்கென அயலிற் கட்டிய வீட்டுக்குப் பெயர்வர். மருமகன் மனைவியின் வீட்டில் வந்து வாழ்வான். அக்காள் தங்கையர் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்வதால், பெண்ணுக்குத் தன் தாயும் உடன்பிறந்தாரும் கூப்பிடு தூரத்தில் இருந்தனர். கணவன் கைவிடினும் காலஞ்செல்லினும் அவள் தங்குதற்கு வீடு இருந்தது. உடன் செலுத்தும் சுமையாக மட்டுமன்றி, பெண்ணின் காப்பாகவும் சீதனம் அமைந்த நிலை இதுவாகும்.

ஆழிப்பேரலை இம்முறையை இருவகையாற் தாக்கியது. முதலாவது, பெண்களே பெருந்தொகையினராய் மடிந்தனர். அம்பாறை மாவட்டத்து இடம்பெயர்ந்தோர் முகாம்களில் 2005 இல் நடத்தப்பட்ட ஆய்வொன்று, பெண்களின் இறப்பு வீதம் ஆண்களினதைப்போல் இருமடங்குக்கு மேற்பட்டதெனக் கண்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு வீதம் இன்னும் மிக அதிகம். ஞாயிறு காலையில் வீட்டில் இருந்தமை, கையிற் குழந்தையோடு ஓட நேர்ந்தமை, நீந்தும் பயிற்சியின்மை, உடையும் கூந்தலும் சிக்கிக்கொண்டமை ஆகியன காரணங்களாகக் கூறப்படுகின்றன.

இரண்டாவது தாக்கம் அலையினால் வந்ததன்று. அலுவலகப் படிவத்தினால் வந்தது. 'குடும்பத் தலைவர்' யார் என்ற வினாவுக்கு ஆணின் பெயரே எழுதப்பட்டது. பெண்ணின் உறுதியில் இருந்த வளவு தடைவலயத்துட் போனது. அதற்கு மாற்றாகக் கிடைத்த வீடு கணவனின் பெயரில் வந்தது. அரச காணியில் அனுமதிப்பத்திரம் வழங்கும்போது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மரபே நடைமுறையாயிற்று. உரிமையாளர் பின்னுரித்தாளரை நியமியாது இறப்பின், ஆண் உறவினர்க்கு முதன்மை தந்த பின்னுரித்து ஒழுங்கு அச்சட்டத்தில் இருந்தது. 2022 ஆம் ஆண்டிலேயே அது திருத்தப்பட்டது.

இதன் பொருள் யாது? தாயை அலைக்குப் பறிகொடுத்த மகளொருத்தியை எண்ணுக. வழக்காற்றின்படி தாயின் வீடு அவளுடையது. புதுவீடோ தந்தையின் பெயரில் உளது. தந்தை மறுமணம் செய்யின், அவ்வீட்டில் அவளுக்கு உரிமை என்ன? தாய் தனக்கெனச் சேர்த்த நகையும் கடலோடு போயிற்று. வழக்காறு தந்த காப்பினை, உதவி செய்ய வந்த அரசும் கொடையாளரும் அறியாமலே நீக்கினர். பெண்கள் அமைப்புக்கள் இது குறித்துக் குரலெழுப்பின. சிலவிடங்களில் இருவர் பெயரிலும் உறுதி வழங்கப்படல் வேண்டுமென வற்புறுத்தப்பட்டது.

அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு நடத்திய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, பட்ரீசியா லோரன்சுடன் இணைந்து இப்பொருளை ஆராய்ந்துள்ளார். உறுதி எவர் பெயரில் இருப்பினும் அவ்வீட்டை மகளுக்கே சீதனமாகக் கொடுத்தல் வேண்டுமெனப் பெற்றோர் எண்ணியிருந்தனர் என்பதே அவ்வாய்வு தரும் முக்கிய செய்தியாகும். சட்டத்தினும் வழக்காறு வலிது என இதனைக் கொண்டு மகிழலாம். ஆயினும் பெற்றோரின் நல்லெண்ணத்தில் தங்கியுள்ள உரிமை உறுதியான உரிமையாகாது. முன்னர்ப் பெண்ணுக்கு எழுத்தில் இருந்தது, பின்னர் எண்ணத்தில் மட்டுமே எஞ்சியது.

7. நாவலடியும் திராய்மடுவும்

கல்லாற்றைக் கடந்து வடக்கே செல்லத் தெரு வாவியை ஒட்டி மட்டக்களப்பை அடைகின்றது. 1924 ஆம் ஆண்டு அமைக்கப்பட்டு மானிங் சீமாட்டியின் பெயர் பெற்ற கல்லடிப் பாலம் நீண்டகாலம் இந்நகரின் வாயிலாக விளங்கிற்று. அதனருகே புதிய பாலம் 2013 இல் திறக்கப்பட்டது. கல்லடியில் விபுலாநந்த அடிகளின் சமாதி அமைந்துள்ளது. அடிகள் பிறந்த காரைதீவும், அடங்கிய கல்லடியும் ஒரே அலைக்கு ஆளானமை குறிப்பிடத்தக்கது.

கல்லடியிலிருந்து முகத்துவாரம் நோக்கி நீளும் மணற்றிடரே நாவலடி. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. அலை கிழக்கே புகுந்து மேற்கே வாவியில் விழுந்தது, தப்பியோட நிலமில்லை. அயலிலுள்ள டச்பாரில் வாழ்ந்த போர்த்துக்கேயப் பறங்கியர் சமூகமும் பேரிழப்புக்கு உள்ளாயிற்று. சிறுபான்மையினருள் சிறுபான்மையினரான அவர்கள் ஒருங்கே வாழ்ந்த கரையினின்று பெயர்ந்தமை, அவர்தம் கிரியோல் மொழியின் எதிர்காலத்தையும் பாதிப்பதாகும்.

நாவலடி மக்களுக்கென நகரின் வடக்கே திராய்மடுவிற் புதிய குடியிருப்பு அமைக்கப்பட்டது. அங்கு வீடுகள் உறுதியானவை. ஆனால் நிலம் தாழ்ந்தது. மாரியில் நீர் தேங்கும். கடலோ தொலைவிலுள்ளது. கரைவலைத் தொழில் எத்தகையது என்பதை அறிந்தாலன்றி இத்தொலைவின் பொருள் விளங்காது. கரைவலை வளைப்பதற்கு ஒவ்வொரு குழுவுக்கும் கரையில் வரையறுத்த பாடு உண்டு. வாடியில் வலையும் தோணியும் காவலோடு இருத்தல் வேண்டும். விடியுமுன் கடலின் நிறத்தையும் பறவையின் போக்கையும் கரையில் நின்று பார்ப்பவனே மீன் வரவை அறிவான். வலையிழுக்க ஆள் சேர்வதும், பங்கு பிரிப்பதும், பெண்கள் மீன் வாங்கி விற்கக் கொண்டுசெல்வதும் வீட்டு வாசலும் கரையும் ஒன்றாயிருந்தமையால் இயன்றவை. ஆகவே பலர் திராய்மடுவில் வீட்டையும் நாவலடியில் வாடியையும் வைத்துக்கொண்டு இரு கரைக்கும் இடையே அலைந்தனர்.

மீனவர்க்குக் கலங்கள் கிடையாமற் போகவில்லை. கொடையாளர் பலர் சிறு கண்ணாடியிழை வள்ளங்களைப் போட்டியிட்டு வழங்கினர். சிலவிடங்களில் இழந்ததினும் மிகுதியாகவே வள்ளங்கள் வந்து சேர்ந்தன. கடலிற் செல்லாதார் சிலர் வள்ளம் பெற்றனர். வலையிழுக்கும் கூலியாளோ, வள்ளம் இழக்காமையால், எதுவும் பெற்றிலன். 1978 இற் தோட்டமில்லாத பெண் கணக்கில் வாராதது போன்றே, 2005 இல் வள்ளமில்லாத உழைப்பாளி கணக்கில் வரவில்லை. இருபத்தாறு ஆண்டு இடையிட்டும் கணக்கெடுக்கும் முறை மாறவில்லை என்பது இவ்வொப்பீட்டாற் தெளிவாகின்றது.

நாவலடிக் கரையிற் கடலாட்சி அம்மன் கோயில் உளது. அம்மக்களின் மீட்சியில் அவ்வழிபாடு பெற்ற இடத்தினைப் பட்ரீசியா லோரன்ஸ் எழுதியுள்ளார். கடலை ஆளும் தாயாகவே கடலை வணங்கியோர், அத்தாயின் சந்நிதியிலேயே தம் இழப்புக்கு விடை தேடினர். கரைக்கு மீளும் துணிவினை அவர்கள் பெற்றதும் அங்கேயே.

8. வாகரையும் மூதூரும்

மட்டக்களப்புக்கு வடக்கே தெருவின் இயல்பு மாறுகின்றது. ஊர்கள் அருகிக் காடும் களப்பும் மிகுகின்றன. பாசிக்குடா, கல்குடா ஆகிய குடாக்களில் 2010 ஆம் ஆண்டின் பின்னர் உல்லாசப் பயண விடுதிகள் எழுந்தன. குடிசைக்கு ஆகாதெனக் கூறப்பட்ட கரை விடுதிக்கு எவ்வாறு ஆயிற்று என்னும் வினா கரையோர மீனவரிடையே எழுந்தமை இயல்பே.

வாகரைப் பகுதியில் அழிவின் மேல் அழிவு வந்தது. அலைக்குப் பின் எழுப்பிய வீடுகளில் மக்கள் முழுமையாகக் குடிபுகுமுன் 2006 இற் போர் மீண்டும் மூண்டது. மாவிலாற்று மதகுப் பிணக்கைத் தொடர்ந்து மூதூரிலும், பின் வாகரையிலும் பல்லாயிரவர் இடம்பெயர்ந்தனர். 2007 இல் அவர்கள் திரும்பியபோது கூடாரத்திலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. 2011 சனவரியிற் கிழக்கை மூடிய பெருவெள்ளம் அவ்வயல்களையும் அழித்தது. இம்மக்களைச் 'சுனாமியாற் பாதிக்கப்பட்டோர்', 'போராற் பாதிக்கப்பட்டோர்', 'வெள்ளத்தாற் பாதிக்கப்பட்டோர்' என நிறுவனங்கள் வெவ்வேறு பட்டியல்களில் எழுதின. பட்டியல்கள் மூன்றாயினும் குடும்பம் ஒன்றே. ஒரு பட்டியலில் உதவி பெற்றோர் மற்றொன்றில் நீக்கப்பட்டதும் உண்டு.

மாவலியின் கிளையாகிய வெருகலாற்றைக் கடந்தாற் சித்திரவேலாயுதசுவாமியின் மற்றொரு கோயிலைக் காணலாம். தம்பலகாமம் வீரக்கோன் முதலியார் பாடிய வெருகற் சித்திரவேலாயுதர் காதல் இத்தலத்துக்குரியது. அப்பால் மூதூர். 1659 இற் புயலிற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று பழுதுபார்க்கக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. அதில் வந்த இறொபேட் நொக்ஸ் சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, 1681 இல் இலங்கை பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டான். புயலில் அகப்பட்ட அயலான் ஒருவனின் வரலாறு நமக்கு நூலாகக் கிடைத்துள்ளது. அதே குடாவில் அதே புயல்களைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிய குடிகளின் வரலாறோ எழுதப்படாதுள்ளது.

கொட்டியாரக் குடாவைச் சுற்றிய இத்தெரு நெடுங்காலம் பாதைகளை நம்பியிருந்தது. 2009 ஒற்றோபரிற் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தாலும் பிற பாலங்களாலும் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையே தடையற்ற போக்குவரத்து உண்டாயிற்று. மூதூரிலிருந்து நோயாளியொருவரைத் திருகோணமலைக்குக் கொண்டுசெல்லக் கடலையும் காலநிலையையும் பார்த்திருந்த நிலை நீங்கியமை, இப்பெருந்தெரு கண்ட மீட்சிகளுள் ஐயத்துக்கிடமற்ற ஒன்றாகும்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, அழிவின் கணக்கு உடைமையின் கணக்காக மட்டும் அமைந்தவிடத்து உழைப்பாளியும் பெண்ணும் இருமுறை இழந்தனர். ஒருமுறை இயற்கையிடம், மறுமுறை பதிவேட்டிடம். இரண்டாவது, கரையினின்று விலக்குதல் உயிர்க்காப்பு என்ற நோக்கிற் சரியாயினும், கரைவலைப் பாடு, வாடி, தறி, கோயில் ஆகியவற்றையும் உடன் கருதாதவிடத்து அது தொழிலழிப்பாக முடிந்தது. மூன்றாவது, தாய்வழி வீட்டுரிமை போன்ற ஊர் வழக்காறுகளை அறியாது வகுத்த திட்டம், நன்கொடை வடிவிலும் உரிமையைப் பறிக்கக்கூடும்.

2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் அதன்வழி எழுந்த நிலையமும் எச்சரிக்கை முறைகளைப் பெரிதும் மேம்படுத்தியுள்ளன என்பதை மறுத்தல் ஆகாது. ஆயினும் 2025 நவம்பர் இறுதியிற் கிழக்குக் கரையோரமாக நாட்டுட் புகுந்து, மலைநாட்டில் மண்சரிவாலும் ஆற்றுப்படுகைகளில் வெள்ளத்தாலும் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்ட டித்வா சூறாவளி, இவ்வினாக்கள் பழையன அல்ல என்பதை உணர்த்திற்று. தோட்ட லயங்களிற் காணியுரிமையற்று வாழ்ந்தோர்க்கு இழப்பீட்டுப் படிவத்தில் எந்நிரலில் இடமுண்டு என்னும் வினா, நாவலடியிலும் மருதமுனையிலும் முன்னர் எழுந்த வினாவேயாகும்.

ஆதலின் கரையோர ஊர்கள் ஒவ்வொன்றிலும் பாடுகளின் எல்லை, சீதன வளவுகளின் உறுதி, வாடிகளின் இருப்பிடம், குடிவழிப் பொறுப்புக்கள், முன்னைய வெள்ளமும் புயலும் எட்டிய இடங்கள் ஆகியவற்றை முதியோர் உள்ளபோதே எழுதிவைத்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ் மாணவர், ஊர்ப் பாடசாலை ஆசிரியர், கோயில் பள்ளிவாசற் பரிபாலனத்தார் ஆகியோர் இணைந்து செய்யக்கூடிய பணி இது. சூறாவளியைக் கண்டபோது இளைஞராயிருந்தோர் இன்று முதுமை எய்திவிட்டனர். அடுத்த படிவம் நிரப்பப்படும் நாளில், குடும்பத் தலைவர் யார், இவ்வளவு யாருடையது என்னும் வினாக்களுக்கு ஊரார் காட்டக்கூடிய சான்று அவர்களிடமிருந்தே பெறப்படல் வேண்டும்.